தாய்மாமன் மடியில் எரிமலைகள்

ஆவணி, வெள்ளிக்கிழமை.

சத்தியமாக எழுதுகிறேன், இதை ஒருவரும் நம்பப் போவதில்லை. என் தொடையில் மயிர்க்கால் ஒவ்வொன்றும் ஓர் எரிமலை. வேட்டி உரசினால் நான் வேலை பார்க்கும் உப்பளமே நடுங்குகிறது.

டாக்டர் ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார். மூன்றே நாளில் கொப்புளம் அமுங்கியது. வெற்றி முரசு கொட்டி மாத்திரையை நிறுத்தினேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டேன். இன்று எதிரிப்படை இரட்டிப்பாகத் திரும்பிவிட்டது.

மாலையில் மறுபடி டாக்டரிடம் ஓடினேன்.

"யாரு உங்கள நிறுத்தச் சொன்னது?"

"ஆறிடுச்சேன்னு..."

"மேலாக்கத்தான் ஆறுச்சு. இப்ப சீழ் வெச்சிருக்கு. வேற மாத்திரை எழுதுறேன், முழுசா சாப்புடுங்க. வெந்நீர் ஒத்தடம் குடுங்க. சின்னக் கொழந்தைங்கள மடியில வெக்காதீங்க, ஒட்டிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை தங்கை மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில்தான் அவள் உட்கார வேண்டும். தங்கையிடம் சொல்லிவிடத்தான் ஃபோன் போட்டேன். எடுத்தது பாப்பா.

"மாமா, குத்துறப்ப என்னக் கெட்டியாப் புடிச்சுக்குவியா?"

தங்கையைக் கூப்பிடச் சொல்ல வாய் வரவில்லை. ஞாயிறுக்குள் ஆறாவிட்டால்? அவளுக்கு ஒட்டிக்கொண்டால்?

எரிமலை, நடுக்கம், எதிரிப்படை எல்லாம் நான் விட்ட சரடாகவே இருக்கட்டும். "புடிச்சுக்குறேன்டா கண்ணு" என்று அவளிடம் சொன்னது மட்டும் நிஜம்.