ஊமைக்கட்டை

கிளாஸ்கோ,
10 செப்டம்பர் 2024

என் ஜோதிலட்சுமிக்கு,

நான் சுகம். நீயும் சாய்சரணும் அவன் டிரம்ஸும் சுகம்தானே?

நாம் போட்டுக்கொண்ட சட்டத்தை முதலில் மீறியவள் என்ற பெயர் எனக்கு வேண்டாமென்று காகிதமும் பேனாவும் வாங்கிவிட்டேன். பேண்ட் விஷயத்தை வாட்ஸ்அப்பில் பேசி மூன்று பேரும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தது போதும். யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் கல்யாணம் என்பதெல்லாம் போனில். பாட்டு விஷயம் கடிதத்தில் மட்டும். கடிதம் போய்ச் சேருவதற்குள் கோபம் ஆறிவிடும் என்று சாய்சரண் சொன்னான். பார்க்கலாம்.

ஒலிப்பதிவு வகுப்பு நன்றாகப் போகிறது. இங்கே எல்லோரும் ஏதாவது ஒரு பேண்டில் இருக்கிறார்கள். உங்களுடையது என்ன மாதிரி இசை என்று கேட்டார்கள். தி. நகர் ஜவுளிக்கடையின் ஆடித்தள்ளுபடி அறிவிப்பு, பிரேசில் பாட்டு, கானா, மயிலாப்பூரில் எங்கள் வீட்டு கிரைண்டர் போடும் சுருதி, ஜப்பான் பிஸ்கட் விளம்பரம், எல்லாவற்றையும் ஒரே வாணலியில் போட்டுக் கிளறியது என்றேன். பெயர் கேட்டார்கள். 'லிஃப்ட் வேலை செய்யவில்லை' என்று மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒருத்தன் பாவம், படிக்கட்டு எந்தப் பக்கம் என்று கேட்டான்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கப்பா கடை மூன்றாவது மாடியில், நைட்டி மூட்டைகளுக்கு நடுவில் என் கீபோர்டு தூங்குகிறது. அதை எழுப்பாதே. முக்கியமாக ஊமைக்கட்டையைத் தொடாதே. நடுவில் அந்த ஒரு கட்டையை அழுத்தினால் சத்தம் வராது என்பதால்தானே நான் அதைத் தாண்டி வாசித்தேன், நீயும் தாண்டிப் பாடினாய்? அந்தத் தாவலைக் கேட்டுவிட்டுத்தானே பத்திரிகைக்காரர் 'எத்தியோப்பிய ஜாஸின் ஆழ்ந்த தாக்கம்' என்று எழுதினார்? எத்தியோப்பியா எங்கே இருக்கிறது என்று சாய்சரண் மேப்பில் தேடியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அடுத்த ஆகஸ்டில் வந்துவிடுவேன். அதுவரை என் ஸ்டூலின் மேல் டீ டம்ளர் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் உட்காரக் கூடாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உன்,
அனன்யா


தி. நகர்,
29 செப்டம்பர் 2024

அடியே கிளாஸ்கோக்காரி,

உன் கடிதத்தை மேலே கொண்டுவந்து கொடுத்த தபால்காரருக்கு மூச்சு இரைத்தது. "இன்னாம்மா, லிஃப்ட்ட கண்காட்சிக்கு வெச்சிக்கீறீங்களா?" என்று கேட்டார். அதுதான் எங்கள் பேண்ட் பெயர் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

எல்லோரும் சௌக்கியம். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குகிறது. அப்பா என்னைக் கல்லாவை விட்டு எழுந்திருக்க விடுவதில்லை. இந்த லட்சணத்தில் அடையாறில் ஒரு புத்தகக் கடை மாடியில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். எவ்வளவு நாளாகக் காத்திருந்தோம், வேண்டாம் என்று சொல்வேனா? நானும் சாய்சரணும் மட்டும் நின்றால் பஜனை மாதிரி இருக்கும். அதனால் வஜீஹா வந்தாள்.

வஜீஹா ராயப்பேட்டைப் பெண். தரமணியில் கம்ப்யூட்டர் வேலை. முதல் நாளே அவள் மாமாவின் தையல் மிஷின் மிதிக்கும் சத்தத்தைப் பதிந்து கொண்டுவந்தாள். அதன் மேல் கவ்வாலிக் கைத்தட்டல், அதற்கும் மேல் துருக்கிக் கல்யாணப் பாட்டு. கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. "மச்சி, இது நம்ம ஆளு" என்று சாய்சரண் குதித்தான்.

உன் ஸ்டூலில்தான் உட்கார்ந்தாள். வந்த பெண்ணைத் தரையிலா உட்காரவைக்க முடியும்? கூட்டம் நன்றாக வந்தது. உன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டார்கள். வீடியோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது.

நீ போகும்போது என்னிடம் கேட்டுக்கொண்டா போனாய்? டிக்கெட் எடுத்த பிறகுதானே சொன்னாய்? அதை நான் ஒரு நாளாவது சொல்லிக் காட்டியிருக்கிறேனா? இப்போது சொல்லிவிட்டேன். போகட்டும்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

உன்,
ஜோ


கிளாஸ்கோ,
16 அக்டோபர் 2024

அன்புள்ள ஜோ,

வீடியோவைப் பார்த்தேன். ஒரு தடவைதான் பார்த்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வயிறு எரிகிறது. அவள் நன்றாக வாசிக்கிறாள், அதுதான் எரிச்சல். சுமாராக வாசித்திருந்தால் நானும் பெரிய மனுஷி மாதிரி பாராட்டியிருப்பேன். பாடும்போது நடுவில் அவள் பக்கம் திரும்பிச் சிரிக்கிறாயே, கல்லூரி நாளிலிருந்து உன் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், என்னைப் பார்த்து மேடையில் ஒரு தடவையாவது அப்படிச் சிரித்திருக்கிறாயா? கேட்கவே சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது. இருக்கட்டும்.

அம்மா வேறு போனில் ஒரே பாட்டு. "என்னமா வாசிக்கறாடீ அந்தப் பொண்ணு! மறுநாள் நம்மாத்துக்கு வந்து, கிரைண்டர் பக்கத்துல உக்காந்துண்டு சுருதி கேட்டா. நீ ஒரு நாளாவது கிரைண்டரைத் துடைச்சிருக்கியா? அவ துடைச்சுட்டுப் போனா" என்கிறாள். என் அம்மா, என் கிரைண்டர். அவளுக்கு அங்கே என்ன வேலை?

சரி, இதையெல்லாம் விழுங்கிவிடுவேன். 'சில்லறை இல்லை' பாட்டைக் கேட்டபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. 'சில்லறை இல்லன்னு சொல்லாத, சிரிச்சாவது குடுத்துட்டுப் போ' என்ற வரியில் 'சிரிச்சாவது' வரும்போது தாவவேண்டும். நீ தாவவில்லை, நல்ல பிள்ளையாகப் படிப்படியாக ஏறினாய். கீபோர்டும் கூடவே ஏறியது. ஊமைக்கட்டையின் சத்தம் எனக்குக் கேட்டது.

யாரைக் கேட்டு அதைச் சரிபண்ணினாள் அவள்? அந்தத் தாவல் ஒன்றுதான் அங்கே நான் விட்டுவந்தது.

அனன்யா


தி. நகர்,
6 நவம்பர் 2024

அனன்யாவுக்கு,

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. கால் வீங்கிக் கிடக்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணின் தலையை உருட்டாதே. கட்டையைச் சரிபண்ணியது நான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் இனாயத் பாய் கடைக்கு ஆட்டோவில் நானே மடியில் வைத்துக்கொண்டு போனேன். "உள்ள ரப்பர் போயிருச்சும்மா" என்று சொல்லி அவர் வேறு ரப்பர் போட்டுக் கொடுத்தார். நேராக வாசிக்கச் சொன்னதும் நான்தான். தாவல் இல்லாமல் நல்லா இருக்காதே அக்கா என்று வஜீஹா ஆனமட்டும் சொல்லிப் பார்த்தாள்.

ஏன் என்று கேட்பாய். அந்தப் பத்திரிகையை இன்னொரு தடவை எடுத்துப் படி. 'அனன்யாவின் தாவல்', 'அனன்யாவின் உலகப் பார்வை', 'அனன்யாவின் துணிச்சல்'. நான் எங்கே இருக்கிறேன் தெரியுமா? கடைசிக்கு முந்தின வரியில், 'மற்றும் பாடகி' என்று. பேர்கூட இல்லை. வரி எழுதியது நான், தொண்டை என்னுடையது, இடம் எங்கப்பாவுடையது. கீபோர்டு கெட்டுப்போனதற்குப் பாராட்டு உனக்கு! நீ அந்தப் பத்திரிகையைப் பத்திரமாக மடித்துப் பெட்டியில் வைத்தாய். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் வயிறு இருக்கிறது அனன்யா, அதுவும் எரியும்.

உன் கட்டைக்குப் பயந்து பயந்து தாண்டாமல் பாடினால் என் பாட்டு எப்படி இருக்கும் என்று எனக்குக் கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. டிசம்பரில் மயிலாப்பூர் மேடையிலும் அப்படித்தான் பாடப்போகிறேன்.

ஜோதிலட்சுமி


கிளாஸ்கோ,
20 நவம்பர் 2024

ஜோதிலட்சுமிக்கு,

சாய்சரண் சொன்னது பொய். கடிதத்தில் கோபம் ஆறவில்லை.

'மற்றும் பாடகி' என்று போட்டதை நான் கவனிக்கவே இல்லை. நிஜமாகவே இல்லை. அதற்காக என்னைத் திட்டியிருக்கலாம், அந்த ஆளுக்கு எழுதியிருக்கலாம். என் முதுகுக்குப் பின்னால் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டாம்.

டிசம்பர் மேடையில் 'சில்லறை இல்லை' வேண்டாம். மீறிப் பாடினால் பேண்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. போஸ்டர், இணையம், மூன்றாவது மாடிச் சுவர் எல்லா இடத்திலிருந்தும்.

இங்கே கல்லூரியில் நல்ல பியானோ இருக்கிறது. எல்லாக் கட்டையும் சத்தம் போடும். அந்த இடம் வந்தால் என் விரல் தானாகத் தாவுகிறது. வாத்தியார் தப்பு என்று திருத்துகிறார். அங்கேயும் நேராகிவிட்டது, இங்கேயும் நேராக்குகிறார்கள். நேற்று அந்த அறையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. அங்கே எனக்கு இடம் இருக்கிறதா, இல்லையா?

அனன்யா


தி. நகர்,
23 டிசம்பர் 2024

அன்புள்ள அனன்யா,

வேண்டாம் என்றாய். பாடினேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ திட்டிக்கொள்.

நேற்று மயிலாப்பூரில் பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. பாட்டுப் பட்டியலில் 'சில்லறை இல்லை' கிடையாது. உன் கடிதத்தைப் பார்த்து நான்தான் அடித்திருந்தேன். கடைசிப் பாட்டு முடிந்ததும் கூட்டம் விடவில்லை. "சில்லறை! சில்லறை!" என்று ஒரே கூச்சல். உன் அம்மாவும் எழுந்து நின்று கத்தினார்கள். எனக்கும் வீம்பு ஏறிவிட்டது. வஜீஹாவைப் பார்த்தேன். "நேராவா அக்கா?" என்றாள். நேராத்தான் என்றேன்.

'சில்லறை இல்லன்னு சொல்லாத' வரைக்கும் மொத்தக் கூட்டமும் என்னோடு பாடியது. 'சிரிச்சாவது' வந்தது. நான் படிப்படியாக ஏறினேன். அவர்கள் தாவினார்கள். அத்தனை பேரும், ஒரே நேரத்தில், உன் தாவல். போன வருடம் பதிந்து போட்டோமே, அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறார்கள். மேடையில் மைக்கை வைத்துக்கொண்டு என் பாட்டை நானே தப்பாகப் பாடுகிற மாதிரி நின்றேன். இரண்டாவது தடவை வந்தபோது மைக்கை அவர்கள் பக்கம் நீட்டிவிட்டேன். வஜீஹாவும் கூட்டத்தோடு சேர்ந்து தாவிவிட்டாள். "ஸாரிக்கா, கை போயிருச்சு" என்றாள்.

எப்படி எரிந்தது தெரியுமா? நீ ஏழு கடல் தாண்டி இருக்கிறாய், ஊரே உன்னைப் பாடுகிறது. மேடையை விட்டு இறங்கி சாய்சரண் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதேன். அவன் சுண்டல் வாங்கிக் கொடுத்தான். அழுது முடித்த பிறகுதான் உறைத்தது, அத்தனை பேரும் தாவியது என் வரிக்கு. நீ தாவியிருக்காவிட்டால் அந்த வரி அவர்கள் வாயில் நின்றிருக்குமா? தெரியவில்லை. எனக்கு அந்த வரி உன் தாவலோடுதான் நன்றாக இருக்கிறது. சொல்லிவிட்டேன், தலைக்கு ஏற்றிக்கொள்ளாதே.

இன்று காலையில் கீபோர்டை மறுபடி இனாயத் பாயிடம் தூக்கிக்கொண்டு போனேன். அந்தக் கட்டையைப் பழையபடி ஊமையாக்கிக் கொடுங்கள் என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "இன்னாம்மா நீ! ரிப்பேர் பண்ணச் சொல்லி வருவாங்க, ரிப்பேர் ஆக்கச் சொல்லி வந்தது நீ ஒருத்திதான்" என்றார். பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே ரப்பர் பட்டையிலிருந்து அந்தக் கட்டைக்கு அடியில் இருக்கும் ஒரு குமிழை மட்டும் வெட்டி எடுத்துக் கையில் கொடுத்தார்.

இடம் இருக்கிறதா என்று கேட்டாய். ஸ்டூல் தர முடியாது. அதில் வஜீஹா உட்கார்ந்திருக்கிறாள், எழுப்பச் சொல்லாதே, எழுப்ப மாட்டேன். ஆனால் மூட்டைகளைத் தள்ளிவிட்டு இன்னொரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். டீ டம்ளர்கூட வைக்கவிடவில்லை.

இந்தக் கடிதத்தின் அடியில் ஒட்டியிருக்கும் கறுப்பு ரப்பர்தான் அந்தக் குமிழ். தொலைத்துவிடாதே. ஆகஸ்டில் வரும்போது கொண்டு வா. அதைத் திரும்பப் போடலாமா வேண்டாமா என்று மூன்றாவது மாடியில் உட்கார்ந்து நேரில் சண்டை போடுவோம். நீ வந்ததும் கூட்டம் உன்னைத்தான் பார்க்கும். நான் அப்போதும் பொறாமைப்படுவேன். இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இப்படிக்கு,
மற்றும் பாடகி
ஜோ