ஏழு கொட்டைக்குப் பதினைந்து விதம்

குருண், தோட்டத்து லயம்.

அன்பு மகன் பரஞ்சோதிக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் தங்கை நவமணியும் மாரியாத்தா புண்ணியத்தில் உயிரோடு சுகம், நீயும் சிங்கப்பூரில், அதான் இப்போது ஜப்பான்காரர்கள் சியோனான் என்கிறார்களே, அங்கே வேளைக்கு எதையாவது தின்று சுகமாக இருக்க வேண்டும். தபாலில் போட்டால் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று ரயிலில் கார்டு வேலை பார்க்கும் சிரிலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அரிசியைக் கண்ணால் பார்த்து நாளாகிறது, மரவள்ளிதான், அம்மாவுக்குக் கால் வீக்கம், அதெல்லாம் கிடக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன், பதறாதே.

காலேஜை மூடியும் உன் அணுக் கணக்கை நீ விடவில்லை. அணுவுக்குள்ளே ஒரு கருவாம், அதற்கு இவ்வளவு சக்தி கொடுத்தால் அது எத்தனை நிலையில் இருக்க முடியும், சக்தி ஏற ஏற அந்த நிலைகள் எப்படி நெருக்கியடித்துக்கொண்டு வரும் என்று எண்ண வேண்டுமாம். நீ சொல்லிக்கொடுத்தபடியே நவமணி ரப்பர் கொட்டையைச் சக்தியாக வைத்துப் மரத்தில் பால் பிடிக்கும் மங்குகளில் பிரித்துப் போட்டு எண்ணினாள், மங்கு இடம் மாறினால் அது புது விதம் இல்லையாம். ஐந்து கொட்டைக்கு ஏழு விதம், ஆறுக்குப் பதினொன்று. பிழைப்பைப் பார்க்காமல் இதென்ன கூத்து என்று கத்தினவனும் நான்தான், பக்கத்தில் குந்திக்கொண்டு கூட எண்ணினவனும் நான்தான். அந்த எண்களை மட்டும் போஸ்ட் கார்டில் எழுதி உனக்குப் போட்டாள். உன் அம்மா, புள்ளைக்குப் போற நல்ல சேதியாச்சே என்று நான்கு மூலையிலும் மஞ்சளைத் தடவிவிட்டாள். வெறும் எண், மூலைக்கு மூலை மஞ்சள், ஜப்பான்காரனுக்குச் சந்தேகம் வர வேறென்ன வேண்டும்! என்னை ஆபீசுக்கு இழுத்துப்போய், எழுதினது யார் என்று கன்னத்தில் அறைந்தான். வயசுப்பெண்ணை எப்படியப்பா காட்டிக்கொடுப்பேன், நான்தான் என்றேன். அப்படியானால் செய்து காட்டு என்றான். ஏழு கொட்டையைப் பதினைந்து விதமாகத் தப்பில்லாமல் பிரித்து வைத்தேன். உளவு இல்லை என்று நம்பினான். அத்தோடு விட்டானா பாவி, நீ நல்லா எண்ணுற, சயாமில் தண்டவாளம் போடுற கூலிகளை எண்ண ஆள் வேணும், நாளைக்குக் காலையில் லாரியில் ஏறு என்று துபாஷியை விட்டுச் சொல்லிவிட்டான். நம் லயத்திலிருந்து முன்னே சயாமுக்குப் போன பழனியாண்டியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அம்மா எல்லாம் என் மஞ்சளால் வந்தது என்று தலையில் அடித்துக்கொள்கிறாள், அவளைக் குறை சொல்லி ஒரு வரி எழுதிவிடாதே. என்னைப் பார்க்க என்று இங்கே ஓடி வராதே, உன்னையும் ஏற்றிவிடுவான். தங்கையை அவசரப்பட்டு யாருக்கும் கட்டிக்கொடுக்க விடாதே.

ஆத்தா உனக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும். படித்ததும் இதை அடுப்பில் போடு, இனி கார்டில் எண் எழுதாதே. பத்துக் கொட்டைக்கு நாற்பத்திரண்டு என்று நவமணி சொல்லச் சொன்னாள். துணிமூட்டையைக் கட்டி வைத்துவிட்டு நானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது.

இப்படிக்கு உன் அப்பா,
நடராஜா