ஏற்கனவே ஒரு விண்ணப்பம்

மார்ச் 4, செவ்வாய்

பாட்டில் ஆலையில் பதினெட்டு வருடம். விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக ஓடி வரும் பாட்டில்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இன்று காலை மேலாளர் எங்கள் பிரிவில் ஏழு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வாரத்துல இருந்து கேமராவே பாத்துக்கும்." அவ்வளவுதான். ஆளுக்கொரு கடிதம்.

மனைவியிடம் சொன்னேன். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள், யார் எப்படிக் கத்தினாலும் பதறமாட்டாள். இன்று அவள் முகம் வெளிறிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 5, புதன்

வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று கடிதத்தின் அடியில் போட்டிருக்கிறது. அவளிடம் படித்துக் காட்டினேன். "அதெல்லாம் வேணாங்க. அலையவிடுவாங்க. வேற வேலை தேடுங்க" என்றாள், அவசர அவசரமாக. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அந்த வரிசையில் போய் நானா நிற்பது?

மார்ச் 10, திங்கள்

ஐந்து இடம் ஏறி இறங்கியாயிற்று. என் வயதைக் கேட்டதும் எல்லோரும் "சொல்லி அனுப்புறோம்" என்கிறார்கள்.

அவளுக்குத் தெரியாமல் இன்று இணையத்தில் விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். கொஞ்சம் யோசித்தால் போதும், எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து கேட்கிறது. மூன்று முறை! கடைசியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: 'இந்த முகவரியில் ஏற்கனவே ஒரு விண்ணப்பம் நடப்பில் உள்ளது. நேரில் வரவும்.'

கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனேன். டோக்கன் அறுபத்து நான்கு. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்த அம்மா ஒருவர் என் எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"உங்க வீட்டுல ஏற்கனவே ஒருத்தர் வாங்குறாங்களே சார்?"

"தப்பா இருக்கும்மா. நல்லாப் பாருங்க."

திரையை என் பக்கம் திருப்பினார். என் மனைவியின் பெயர். என் மனைவியின் படம். நவம்பரிலிருந்து.

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

இன்று காலை எட்டு மணிக்கு, "நேரமாச்சு, வர்றேன்" என்று டிபன் பாக்ஸோடு கிளம்பினாளே — எங்கே போனாள்? இத்தனை மாதமாக எங்கே போகிறாள்?

மார்ச் 14, வெள்ளி

நேற்று கேட்கத் துணிச்சல் வரவில்லை. இன்று மாலை அவள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"கிளினிக்ல கூட்டமா?"

"ஆமா, செம கூட்டம்."

"நேத்து நான் உதவித்தொகை ஆபீசுக்குப் போயிருந்தேன்."

அப்படியே நின்றாள். அழவில்லை. டாக்டர் அக்டோபரிலேயே கிளினிக்கை மூடிவிட்டு வெளியூர் போய்விட்டாராம்.

"அப்ப தினம் எங்க போற?"

"லைப்ரரிக்கு. அங்க உக்காந்து வேலைக்கு எழுதிப் போடுவேன். அது லீவுன்னா பஸ்ல கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்ட்டு, அதே பஸ்ல திரும்பி வருவேன்."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?" கத்திவிட்டேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "என் தம்பி வேலையில்லாம இருந்தப்ப இந்தத் தொகை வாங்கினான்ல. இங்க சாப்பிட வந்தவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. 'ஊரார் வரிப்பணத்துல உடம்ப வளக்கிறியே மாப்ளே, வெக்கமா இல்ல?' சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவனும் சிரித்தான்.

"அன்னிக்குக் காலைலதாங்க கிளினிக்க மூடினாங்க. சாப்பாடு முடிஞ்சதும் உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேன்."

பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தாளே! ஐயோ, நான் இன்னொரு தடவை வேற சொன்னேனே, அவன் தட்டைக் காட்டி.

மார்ச் 15, சனி

அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். நான்தான் அவள் தம்பிக்குப் பேச போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

மார்ச் 17, திங்கள்

மைத்துனன் வீட்டுக்குப் போனேன். என்னையும் அவளையும் ஒரே கோப்பில் சேர்க்க வேண்டுமாம், அந்தப் படிவம் எனக்குப் பிடிபடவில்லை. அக்காவுக்கு நிரப்பிக் கொடுத்தது அவன்தான் என்று இப்போதுதான் தெரிந்தது.

"வாங்க மாமா" என்றான். மேசையை ஒழித்து எனக்கு இடம் போட்டான். ஒரு குத்தல் பேச்சு இல்லை. பேசியிருந்தால் தேவலை போலிருந்தது.

"மன்னிச்சிரு மாப்ளே."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காரணம்னு கேக்குற எடத்துல ஆட்குறைப்புன்னு போடுங்க மாமா" என்றான்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒப்புதல் வந்து பத்து நாளாகிறது. வேலை தேடிய விவரத்தை வாரம் ஒருமுறை நேரில் காட்ட வேண்டும். நேற்று இருவரும் சேர்ந்தே போய் வந்தோம். வழியெல்லாம் அந்தக் கடைசி ஸ்டாப்பில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

இன்று மதியம் 'பூனைக்கண்' போனில் கூப்பிட்டான். ஆலையில் எனக்கு அடுத்து நின்றவன், என்னோடு சேர்த்து அனுப்பப்பட்டவன்.

"அண்ணே, அந்த உதவித்தொகைக்கு எப்படிண்ணே எழுதிப் போடணும்?"

"ஏன்டா கிசுகிசுக்கிற?"

"வீட்டுல அவ இருக்கா. நான் இன்னும் ஆலைக்குத்தான் போறேன்னு நெனச்சிட்டிருக்கா. இன்னிக்கு லீவுன்னு சொல்லிருக்கேன்."

"ஃபாரம் கெடக்கட்டும். முதல்ல அவகிட்டச் சொல்லு."

"இப்பவாண்ணே?"

"இப்பவே. நான் லைன்லயே இருக்கேன்."

அவன் எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு, ஒரு கதவு திறக்கும் ஓசை.