நான்கு படங்களில் நீ கண்ட புள்ளி

மாத்திரை அட்டை மேசைமேல் கிடக்கிறது. காலையில் சுகாதாரப் பணியாளர் வீடுவீடாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். எலிப்பனி, அதாவது எலிக்காய்ச்சல், வராமல் தடுக்க. வாரத்துக்கு ஒன்று, சாப்பிட்ட பிறகு. கொச்சியில், எங்கள் மட்டாஞ்சேரியில், ஓடையும் தெருவும் மறுபடி ஒரே தண்ணீராகிவிட்டன.

நீ போடாமல் விட்ட மாத்திரை இதுதான்.

"வயிறு எரியுதுடி. இதை முழுங்கினா சோறு எறங்காது. சோறு எறங்கலேன்னா குப்பை வண்டியை யாரு தள்ளுவா, உங்க அப்பாவா?"

நான் சிரித்தேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அட்டைக்குப் பக்கத்தில் மடிக்கணினி திறந்திருக்கிறது. சிறுகோள்களைப் பதிவு செய்யும் அமைப்பிடமிருந்து ஒரு மின்னஞ்சல். நாம் கண்ட சிறுகோளின் சுற்றுப்பாதை உறுதியாகிவிட்டது, நிரந்தர எண் கொடுத்துவிட்டார்கள், கண்டுபிடித்தவர் அதற்கு ஒரு பெயர் முன்மொழியலாம் என்கிறது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர். என் பெயர் மட்டும்.

பள்ளி முழுக்க ஒரே பெஞ்சு நமக்கு. கல்லூரியிலும் ஒரே வகுப்பு, இயற்பியல். முதல் வருடம் முடிவதற்குள் உன் அப்பா இறந்துபோனார். அவருடைய துப்புரவு வேலை உனக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்ல உங்கள் வீட்டில் வசதி இல்லை.

கல்லூரியில் அப்போது சிறுகோள் தேடும் திட்டம் ஒன்று வந்தது. எங்கோ ஒரு மலையில் இருக்கும் தொலைநோக்கி வானத்தின் ஒரே துண்டைச் சில நிமிட இடைவெளியில் நான்கு முறை படம் எடுக்கும். நான்கையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். நட்சத்திரங்கள் நின்ற இடத்தில் நிற்கும். சிறுகோள் மட்டும் நகரும். சில நாட்களுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். மற்றவர்கள் மென்பொருளை நம்பினார்கள். நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன்.

என் வீட்டுக்கு நீ வருவதில்லை. ஒரே ஒரு முறை வந்தாய். எனக்குக் கண்ணாடித் தம்ளரிலும் உனக்குக் காகிதக் கோப்பையிலும் அம்மா சாயா கொடுத்தாள். நீ குடித்தாய். பிறகு வரவில்லை. நாம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

உன் வேலை முடியும் நடுப்பகல்தான் நம் வானம். தகரக் கூரைக்குக் கீழே, உன் அப்பாவின் கறுப்பு வேட்டியை இரண்டு தலைகளுக்கும் மேலே போர்த்திக்கொள்வோம். திரை அப்போதுதான் தெரியும். வியர்வை. உன் கையில் சோப்பு வாசனை, அதற்கு அடியில் வேறொரு வாசனை.

மூன்றாம் நாள் நீ திரையைத் தொட்டாய்.

"தோ, இங்க. நகருது."

"எங்கடி?"

"அய்யே, உனக்குக் கண்ணு எதுக்கு, கம்மல் மாதிரி அலங்காரத்துக்கா? தோ, ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு."

எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"குப்பையில கண்ணாடித் துண்டு எங்க கிடக்குன்னு பார்க்காம கை வெச்சா கை போயிரும். அதே பார்வைதான்."

உன் விரல் இருந்த இடத்தில் குறி வைத்து, அதன் ஆயத்தொலைவுகளை அறிக்கையில் சேர்த்தேன். படிவத்தில் பெயர்களுக்கு எதிரே கல்லூரிப் பதிவு எண் கேட்டார்கள். நீ படிப்பை விட்டதும் உன் எண்ணை நீக்கியிருந்தார்கள். எண் இல்லாத பெயரைச் சேர்த்தால் மொத்த அறிக்கையும் தள்ளுபடியாகும் என்று பயந்தேன். ஆசிரியரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சில மாதம் கழித்து, அது புதிய சிறுகோள்தான் என்று தற்காலிகக் குறியீடு வந்தது. உன்னிடம் ஓடி வந்தேன். அது எவ்வளவு பெரியது என்று கேட்டாய். வெளிச்சத்தை வைத்துப் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் என்றேன்.

"அவ்வளவுதானா? நான் தினமும் பெருக்குற நீளம்கூட இல்லியே."

பிறகு, வண்டியின் பிடியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாய்.

"என் பேரும் போட்டியா?"

"போட்டேன்."

அடுத்த மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் கண் மஞ்சளாகியது. ஏழாம் நாள் நீ இல்லை.

இன்று அந்தக் கல்லைப் பற்றி அதிகம் தெரியும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே, முதன்மைப் பட்டையின் வெளிப்பகுதியில், ஐந்தரை ஆண்டுக்கு ஒரு சுற்று. நீ போன பிறகு ஒரு முறை சூரியனைச் சுற்றி முடித்துவிட்டது. உருண்டை இல்லை, நீளவாக்கான கல். ஒன்பது மணி நேரத்தில் ஒரு முறை புரள்கிறது. கரி மிகுந்த வகை. நூறு பங்கு வெளிச்சம் விழுந்தால் நான்கைந்து பங்குதான் திரும்பும். அவ்வளவு கறுப்பு என்று தெரியாமல்தான் முதலில் சிறியதாக மதிப்பிட்டோம். உண்மையில் குறுக்கே மூன்று கிலோமீட்டர்.

என் ஆராய்ச்சி விண்ணப்பத்தில் இந்தக் கல்லுக்கு ஒரு வரி இருந்தது. நேர்காணலில் அந்த வரியைப் பற்றித்தான் கேட்டார்கள். இடம் கிடைத்தது.

போன வாரம் உன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடப் போனேன். வாசலில் பக்கத்து வீட்டுச் சேச்சி உட்கார்ந்திருந்தாள். நான் வாய் திறப்பதற்குள் உன் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"சேச்சி, இவதான் என் மோளோட கூட்டுக்காரி. ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஆகாசத்துல அந்தக் கல்லைக் கண்டது. கேட்டுப் பாருங்க." பிறகு என்னிடம், "மோளே, அவ பேரு அங்க இருக்கு இல்லியா?"

"இருக்கு, அம்மா."

"அதை யாரும் அழிச்சிர மாட்டாங்களே?"

"அழிக்க முடியாது, அம்மா."

சாயா கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அன்றே அந்த அமைப்புக்கு எழுதினேன். பதிவைத் திருத்துங்கள், கண்டவள் வேறொருத்தி என்று. மரியாதையான பதில் வந்தது. அன்று அனுப்பிய அறிக்கையில் உள்ளதுதான் பதிவு. பெயர் சூட்டும் உரிமை மட்டும் என்னுடையது.

இன்று படிவத்தை நிரப்பினேன். பெயர் பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும். உன் பெயர் தாராளமாக அடங்கியது. அது யார் என்று சொல்லச் சில வரிகள் தருகிறார்கள். தூய்மைப் பணியாளர் என்றும், இந்தக் கல்லை முதலில் கண்டவர் என்றும் எழுதினேன். இரண்டாவது வரியைத் தேர்வுக்குழு வெட்டிவிடலாம். வெட்டாவிட்டால் என் வழிகாட்டி படிப்பார். என்ன கேட்பார் என்று தெரியும். பதில் சொல்வேன்.

உன் அம்மாவிடம் சொன்னதில் பாதியாவது இனி உண்மையாகலாம். உன்னிடம் "போட்டேன்" என்று சொன்னது ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று வேட்டிக்கடியில் நீ நாலு வரை எண்ணியபோது, "ஆமாம், தெரியுது" என்றேன். தெரியவில்லை. பிறகு தனியாக எத்தனையோ முறை அந்த நான்கு படங்களையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மென்பொருள் இடத்தைக் காட்டுகிறது. எண்கள் சரியாக இருக்கின்றன. என் கண்ணுக்கு அங்கே இருட்டு மட்டும்தான்.