மூன்றாம் இடத்துக்காரியின் பெயர்

இன்று யாழ்ப்பாணத்தில் ஒரு படம் பார்த்தேன். கறுப்பின ஓட்டக்காரன் ஒருவனின் வாழ்க்கைக் கதை. கூட்டம் அவன் நிறத்தைச் சொல்லிக் கத்தும்போது அவன் மனதில் ஓடுவதையெல்லாம் ஒரு குரல் நமக்குச் சொல்லிவிடுகிறது. உன் மனதில் அன்று என்ன ஓடியது? படம் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில் நாம் பாடசாலை அணியோடு கொழும்புக்கு ஓட்டப் போட்டிக்குப் போனோம். உன் ஊர் மயிலிட்டி. ஆனால் அது இராணுவத்திடம் இருந்தது. நீ அகதி முகாமைச் சுற்றி வெறுங்காலோடு ஓடிப் பழகியவள். முதல் நாள் உன் ஓட்டத்துக்குச் சிங்களத்தில் மட்டும் கூப்பிட்டார்கள். நமக்கு விளங்கவில்லை. போய்ச் சேர்வதற்குள் ஓட்டம் தொடங்கிவிட்டது. ஏனென்று கேட்டதற்கு, "பாஷை படிச்சு வா" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிச் சிரித்தார் ஓர் அதிகாரி.

மறுநாள் மூவாயிரம் மீற்றர். நீ விடியவே போய்த் தொடக்கக் கோட்டருகில் குந்திவிட்டாய். ஓடி மூன்றாவதாக வந்தாய். பதக்கம் கொடுக்கும்போது அறிவிப்பாளர் உன் பெயரைக் குதறினார். சனம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் மோசமாக மறுபடி சொன்னார். நீ மேடைக்குக் கீழே நின்றாய்.

"ஏறு பிள்ளை, பிரச்சினை வேண்டாம்" என்றார் நம் விளையாட்டு ஆசிரியர்.

"உது என்ரை பேர் இல்லை, சேர். என்ரை பேரைச் சொன்னால் ஏறுறன்."

முதலிடத்தில் நின்ற சிங்களப் பெண் இறங்கி வந்தாள். உன் பெயரைக் கேட்டாள். சொன்னாய். அவள் திருப்பிச் சொன்னாள், பிழை. அவளுக்கும் நீ விட்டுக்கொடுக்கவில்லை, தலையை ஆட்டினாய்! அவள் மறுபடி முயன்று, சரியாக வந்ததும், தானே போய் ஒலிவாங்கியில் சொன்னாள். அதன் பிறகுதான் ஏறினாய்.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன்: "பயமா இருக்கேல்லையோடி?"

"ஓடேக்கை இல்லை. கீழை நிக்கேக்கைதான் கால் நடுங்கினது. நீ காணேல்லையோ?"

நான் காணவில்லை. அந்தச் சிங்களப் பெண் இறங்கி வந்திருக்காவிட்டால் எவ்வளவு நேரம் நின்றிருப்பாய்? அதைக் கேட்க நினைத்தபடியே இருந்தேன். போன மாரியில் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது எங்கள் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் அறிவிப்பது நான்தான். இந்த முறை உயரம் பாய்தலில் வென்றவள், தொண்ணூறில் நம்மவர்களே வெளியேற்றி, பிறகு நகருக்குத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. அறிவிக்க முதல் அவளிடம் போனேன்.

"பேரை ஒருக்கால் சொல்லிக்காட்டு பிள்ளை."

சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"அப்பிடி இல்லை, ரீச்சர்."

மறுபடி சொன்னேன்.