காப்புக் கட்டிய ரதியும் கொழும்புப் பரீட்சையும்

ஜனவரி 6, 1963. அக்கரப்பத்தனை.

மழை. லீவு நாள் முழுக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குள்ளேயே போயிற்று. ரேடியோவைத்தான் திருகிக்கொண்டிருந்தேன்.

லிந்துலையில் மீராசாஹிப் நானாவின் கடையில் வாங்கிய பழைய பட்டாளத்துப் பெட்டி அது. பாட்டுக் கேட்கத்தான் வாங்கினேன். பாட்டுக்கு நடுவில் ஏதோ 'டிட் டா, டிட் டா' என்று கத்தவே, பழுதான பெட்டியைத் தலையில் கட்டிவிட்டார் என்று சண்டைக்குப் போனேன். அவர் சிரித்தார். எங்கோ ஒருவன் தன் வீட்டில் இருந்தபடியே இன்னொரு தேசத்துக்காரனோடு மோர்ஸில் பேசுகிறானாம். கொழும்பில் பரீட்சை பாஸ் பண்ணி லைசென்ஸ் எடுத்தால் யாரும் பேசலாமாம். அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. கேட்கத்தான் முடிகிறது. பதில் சொல்ல வழியில்லை.

ஜனவரி 13

மோர்ஸ் அட்டவணையைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்தது அத்தனையும் வீண். கண்ணுக்குத் தெரிகிறது, காதில் விழும்போது ஒன்றும் பிடிபடவில்லை. "புள்ளி, கோடுன்னு பாக்காதீங்க சிவசாமி தம்பி, சத்தமா கேளுங்க" என்கிறார் நானா. அதனால் கரண்டியும் டம்ளரும்தான் இப்போது வாத்தியார்.

டம்ளரெல்லாம் நசுங்கிப் போகிறது என்று நாகலெட்சுமிக்குக் கோபம். அவளைச் சமாதானப்படுத்த இரண்டு சொல் கற்றுக் கொடுத்தேன். சிக்யூ என்று தட்டினால் 'யாராவது இருக்கிறீர்களா?' என்று அர்த்தம். கடைசியில் கே: டா டிட் டா. 'நான் முடித்துவிட்டேன், நீ பேசு.'

"கட்டுன பொண்டாட்டிக்கிட்ட ஒரு நாளாவது 'நீ பேசு'ன்னிருக்கீங்களா? ஊரு பேரு தெரியாதவனுக்கு மட்டும் அந்த மரியாதையா?" என்றாள்.

நான் டம்ளரின் நசுங்கலை நிமிர்த்தத் தொடங்கினேன்.

ஜனவரி 20

விண்ணப்பம் போட்டாயிற்று. தோட்டத்தில் பலருக்கு இன்னும் கிடைக்காத பிரஜாவுரிமைப் பத்திரம் எனக்குப் போன வருடமே கைக்கு வந்துவிட்டதால் அந்தக் கட்டத்தைப் பயமில்லாமல் நிரப்பினேன். வசதியான தேதி எது என்று கேட்டிருந்தார்கள். கடைக் காலண்டரைப் பார்த்து, மார்ச் முதல் வாரம் என்று எழுதினேன். போன வருடம் கூத்துக்குக் காமன் கம்பம் ஊன்றியது அதற்குப் பிறகுதான். ஆகையால் பரீட்சையை முடித்துவிட்டு வந்து காப்புக் கட்டிக்கொள்ளலாம்.

காமன் கூத்தில் நான்தான் ரதி. எனக்கென்ன ஆசையா, மீசையை மழித்துச் சேலை கட்ட? பிறந்த குழந்தை இரண்டும் தங்கவில்லை. என் புருசன் மூன்று வருடம் தொடர்ந்து ரதி வேசம் கட்டுவார் என்று நாகலெட்சுமி நேர்ந்துகொண்டாள். இரண்டு வருடம் ஆயிற்று. இந்த வருடம் தவறினால் அந்த இரண்டும் கணக்கில் இல்லை.

பிப்ரவரி 12

மாயாண்டி அண்ணன் தப்பு மேளத்தை வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தார். கூத்து நடத்துவது அவர்தான். இருபத்தாறாம் தேதி காமன் ஊன்றுகிறார்களாம்!

காமன் பிறை பார்த்து வருகிறவன். அவனை நான் கடைக் காலண்டரில் தேடியிருக்கிறேன். எட்டாம் வகுப்பு படித்து என்ன பிரயோசனம்?

போகட்டும். அரசாங்கக் காரியம். பதில் வர எப்படியும் சித்திரை ஆகிவிடும்.

பிப்ரவரி 26

காப்புக் கட்டியாயிற்று. காமனை எரித்துக் காப்பு அவிழ்க்கும் வரை கூத்துக் கொட்டகையில்தான் படுக்கை. தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. எங்கள் தோட்டத்தில் பெண்டாட்டியோடு பேசவும் கூடாது.

மார்ச் 1

கடிதம் வந்துவிட்டது. பரீட்சை ஆறாம் தேதி காலை. நான் கேட்ட அதே வாரம். அரசாங்கம் சொன்னபடி செய்த ஒரே காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

மாயாண்டி அண்ணனிடம் கேட்டேன். "அவுக்கிறது ஒங்க இஷ்டம். நான் அவுத்துவிட மாட்டேன்" என்றார். விசயத்தை அவர் மூலமே நாகலெட்சுமிக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லையாம்.

மார்ச் 3

சாயங்காலம் சோற்றுத் தூக்கை வேலியோரம் வைத்தவள் போகாமல் நின்றாள். கையில் கொழுந்து பறிப்பவர்கள் செடி மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு. அதனால் தூக்கைத் தட்டினாள். புள்ளிக்கு ஒரு தட்டு, கோட்டுக்கு ஓரத்தில் ஒரு இழுப்பு. மற்றப் பெண்கள் ஏதோ பூச்சி தட்டுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு மட்டும் எழுத்தாகக் கேட்டது.

சிக்யூ. சிக்யூ. கே.

யாராவது இருக்கிறீர்களா? நீ பேசு.

என்ன பேச? போகிறேன் என்றால் அவள் நேர்த்தி போச்சு. போகவில்லை என்றால் எனக்கு அழுகை வரும். கரண்டி கையிலேயே இருந்தது. தட்டவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 6

இந்நேரம் கொழும்பில் தட்டிக்கொண்டிருப்பார்கள். நான் இங்கே சேலைக்கு மடிப்பு வைக்கிறேன். யாரைப் பார்த்தாலும் எரிந்து விழத் தோன்றுகிறது. வேறு தேதி கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். நம்பிக்கை இல்லை.

மார்ச் 10

காமனை எரித்தார்கள். மன்மதன் சாம்பலானதும் ரதி புலம்ப வேண்டும். போன இரண்டு வருடமும் பாட்டைத்தான் பாடினேன். இந்த வருடம் வாயைத் திறந்ததும் அழுகை வந்துவிட்டது. எதற்கு அழுதேன் என்று எனக்குத்தான் தெரியும். 'இந்த வருசம் ரதி நெசமாவே அழுதிச்சு' என்று ஊரே பேசுகிறது.

நாகலெட்சுமி அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 11

வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிடும்போது அவளே ஆரம்பித்தாள்.

"போயிட்டு வாங்கன்னு சொல்லத்தான் அன்னைக்குத் தட்டுனேன். அதுக்கு எழுத்து தெரியல. தெரிஞ்சதத் தட்டுனேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாயாண்டி அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று கத்தினேன்.

"அனுப்பியிருந்தா, புருசனக் காப்ப அவுக்கச் சொன்னவளுன்னு தோட்டமே பேசியிருக்கும்."

"நேர்த்தி?"

"சாமிக்கிட்ட நான் பேசிக்கிட்டிருப்பேன். நீங்க இப்பிடி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கிறதுக்கு அது பரவாயில்ல."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவளோ தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கரண்டியை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "மிச்ச எழுத்தையும் சொல்லிக் குடுங்க" என்றாள்.

மே 5

செப்டம்பரில் மறுபடி பரீட்சையாம். கடிதம் வந்திருக்கிறது.

நாகலெட்சுமிக்குச் சோறு கண்டால் ஆகவில்லை. டிஸ்பென்சரியில் சொல்லிவிட்டார்கள். இதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 18

கொழும்பிலிருந்து திரும்பினேன். மார்ச்சில் போயிருந்தால் நிச்சயம் பெயில்தான். இத்தனை மாதமாகச் சாயங்காலமானால் அவள் அடுப்படியில் தட்ட, நான் எழுதுவேன். பரீட்சை மண்டபத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். நாகலெட்சுமி அரிசி களைந்தபடி தட்டுகிறாள் என்று நினைத்தேன். பென்சில் தானாக ஓடியது.

பாஸ்.

டிசம்பர் 22

லைசென்ஸ் வந்த நாளிலிருந்து சாயங்காலம் தோறும் சிக்யூ அனுப்பிப் பார்த்தேன். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் சார்ஜ் செய்த பாட்டரி, நானே சுருள் சுற்றிச் செய்த அனுப்பும் பெட்டி, கூரையிலிருந்து டர்பன்டைன் மரத்துக்குக் கட்டிய ஏரியல் கம்பி. ஒருவரும் பதில் தரவில்லை.

இன்று பதில் வந்தது. லைசென்ஸில் தந்த என் அழைப்புப் பெயர், எழுத்து எழுத்தாக, என் பெட்டிக்குள்ளிருந்து திரும்பி வந்தது. மோர்ஸ் தட்டும் கட்டையில் விரலை வைக்கிறேன், இந்த மாதம்தான் பிறந்த மகள் வீறிட்டு அழுகிறாள். நாகலெட்சுமி தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்குப் போயிருந்தாள்.

என்ன செய்ய? 'கொஞ்சம் பொறுங்கள்' என்று தட்டினேன். உலகத்தில் முதல் முதலாக என்னைக் கூப்பிட்ட மனிதனுக்கு நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்தேன். அவர் பொறுத்தார். பிறகு மறுபடி கூப்பிட்டார்.

நாகலெட்சுமி தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தாள். சத்தம் வாசல் வரை கேட்டிருக்கிறது.

"ஏங்க, அந்த மனுசன் ஒங்க பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருக்காரு. காது கேக்கலையா?"

குடத்தை இறக்கிவிட்டுக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ஈரக் கையால் அதன் முதுகில் தட்டினாள்.

டா டிட் டா.

நான் போய் உட்கார்ந்தேன்.