உனக்குப் படைத்த கறிக்குழம்பு

என் உயிரான அண்ணா,

உன்னிடம் பஞ்சாயத்துக்கு வந்திருக்கிறேன். உனக்குப் படைத்த சோற்றைக் கொட்டியவள் நான்தான். அண்ணி உன் படத்துக்கு முன்னால் நின்று அழுது சொல்லியிருப்பார்கள். என் பக்கத்தையும் கொஞ்சம் கேள்.

போன மாதம் திருப்பத்தூரில் என் பேரனுக்குக் காதுகுத்து. உன் மகள் செல்விக்கு நிறைமாதம் என்பதால் அவளும் அண்ணியும் புதூர்நாட்டு மலையிலிருந்து இறங்கவில்லை. வராதவர்கள் வீட்டுக்கு விருந்துக் குழம்பு போய்ச் சேரவில்லையென்றால் நம் சனத்தில் அது காலத்துக்கும் குறையாயிற்றே. பந்தி முடிந்ததும் ஒரு குண்டான் கறிக்குழம்பைச் சூட்டோடு மூடி, சிந்தாமல் துணியால் இறுக்கிக் கட்டி, நானே ஜீப் ஏறினேன்.

நம் ஊர் ஜீப்பை உனக்குத் தெரியாதா? ஆள் நிறையாமல் கிளம்பாது. கிளம்பியதும் பாதி மலையில் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்றில்லை. வேறு வண்டி வரும்வரை குண்டான் வெயிலில் கிடந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் உன் வீட்டை அடைந்தேன்.

மூடியைத் திறந்தால் வாசனை கமகமவென்று வருகிறது. அதுதான் வம்பு. நாறியிருந்தால் பேச்சே இல்லையே! குண்டானைத் தொட்டேன், வெதுவெதுப்பு அடங்கவில்லை. சத்துணவுக் கூடத்தில் இத்தனை வருஷம் கரண்டி பிடித்தவள் நான். மூடிய பாத்திரத்தில் வெதுவெதுப்பாகக் கிடக்கும் கறி, மூக்குக்குத் தெரியாமலே கெட்டுப்போகும்.

கை கழுவி வருவதற்குள் அண்ணி உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறும் குழம்பும் படைத்து, கற்பூரமும் காட்டிவிட்டார்கள்.

“அண்ணி, வேணாம். காலையில வச்ச கொழம்பு. மூடியே கெடந்துச்சி.”

“நல்லாத்தான கீது? ஒரு கொதி வுட்டா சரியாப் பூடும்.”

“கொதிச்சாலும் போவாத வெஷம் உண்டு அண்ணி.”

“இன்னா வள்ளி, அவுருக்குப் படைச்சத வெஷம்ன்றியா?”

அந்தக் கோபத்தில் அவர்கள் குழம்பைக் கொதிக்கவும் விடவில்லை. படைத்த இலையில் முதல் வாய் பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று அண்ணி செல்வியை உட்காரவைத்தார்கள். அவள் பிசைந்து, வாய்க்குக் கொண்டுபோனாள். பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன்.

“அத்த, அப்பாவுக்கு வச்சது...” என்றாள். கண்ணில் தண்ணீர்.

அவள் விரல்களிலிருந்து சோற்றைப் பிடுங்கினேன். இலையைச் சுருட்டினேன். குண்டானையும் தூக்கிக்கொண்டு போய், பலா மரத்தடியில் குழி வெட்டிக் கொட்டி, நாய் கிளறாதபடி மண்ணைத் தள்ளினேன். உன்னை இன்னொரு முறை புதைப்பது போலிருந்தது.

அன்று எல்லோருக்கும் ரசம் சோறுதான். அண்ணி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம். மாப்பிள்ளைதான் போன் செய்து சொன்னார். யாரும் சாப்பிடவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் நான் செய்தது சரியென்று காட்ட என் கையில் ஒன்றுமில்லை. ஒருவேளை குழம்பு நன்றாகத்தான் இருந்ததோ? இனி யாருக்குத் தெரியும்?

நீ இருந்திருந்தால் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, “ஒண்ணும் ஆவாது, ஊத்து” என்றிருப்பாய். உன்னோடும் சண்டை போட்டிருப்பேன். அப்போதும் கொட்டியிருப்பேன்.

உன் வருஷப் படையலுக்கு மலையேறி வருகிறேன். அண்ணி என்னை வாசலிலேயே நிறுத்தினாலும் சரி, கறியை மலையிலேயே வாங்கி, வாசலிலேயே கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டுவேன். இறக்கியதும் முதல் இலை உனக்கு. ஆறுவதற்குள் வந்துவிடு.

உன் இலையைச் சுருட்டிய தங்கச்சி,
வள்ளி